அறுவை அரங்கும் அண்டை ஊரும்



மொழிக்கென அமைந்த மேடையில் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். செலாயாங்கில் கூடியிருக்கும் நமக்கு அந்த ஐயம் வேண்டியதில்லை. இவ்வூரின் பெயரைச் சொன்னால் சிலாங்கூர் மக்கள் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இங்குள்ள மருத்துவமனைதான். அறுவை நிபுணர்கள் போதாத காலத்தில் சிறு ஊர்களின் மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சையை எவ்வாறு தக்கவைத்துக்கொள்வது என்பதே இன்றைய உரையின் பொருள். அந்த முயற்சியில் மொழிக்கும் ஒரு பங்குண்டு என்பதை உரையின் பிற்பகுதியில் காண்போம்.

செலாயாங்கின் சிறப்பு

செலாயாங் மருத்துவமனை 1999ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கியது. நோயாளியின் பதிவேடு, ஆய்வுக்கூட முடிவு, ஊடுகதிர்ப் படம் ஆகிய அனைத்தையும் காகிதமின்றிக் கணினியில் வைத்துப் பேணிய முன்னோடி மருத்துவமனைகளுள் இதுவும் ஒன்று. கல்லீரல், பித்தப்பை, கணையம் ஆகியவற்றுக்கான அறுவைச் சிகிச்சையில் நாட்டின் தலைமை நிலையமாக இது வளர்ந்தது. கை அறுவைச் சிகிச்சையிலும் நுண் அறுவைச் சிகிச்சையிலும் பெயர் பெற்றது. 2000ஆம் ஆண்டில், பிறந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் குழந்தைக்கு, உயிர் பிழைக்க இயலாத அதன் இரட்டைச் சகோதரியின் கையை எடுத்துப் பொருத்திய அறுவைச் சிகிச்சை இங்கேதான் நிகழ்ந்தது. டாக்டர் வி. பத்மநாதன் தலைமையிலான குழு அதனைச் செய்து முடித்தபோது உலகச் செய்தி ஏடுகள் செலாயாங்கின் பெயரை எழுதின.

இது நாம் பெருமைப்பட வேண்டிய வரலாறு. ஆயினும் ஒரு பெரிய மருத்துவமனை எழும்போது, அதனை நோக்கிச் செல்லும் சாலைகளில் உள்ள சிறிய மருத்துவமனைகளின் நிலை என்னவாகிறது என்று கேட்பதும் நம் கடமை. செலாயாங்கிலிருந்து பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே சென்றால் ரவாங், செரண்டா, பத்தாங் காலி ஆகிய ஊர்களைக் கடந்து கோல குபு பாருவை அடையலாம். ஏறத்தாழ 50 கிலோமீட்டர்த் தொலைவு. அங்கேயும் ஒரு மாவட்ட மருத்துவமனை உண்டு. இத்தகைய சிறு மருத்துவமனைகள் நாடெங்கும் பரவியுள்ளன. அவற்றில் பலவற்றில் நிலையான அறுவை நிபுணர் இல்லை. சிலவற்றில் அறுவை அரங்கு இருந்தும் அது நாள்தோறும் இயங்குவதில்லை. நோயாளி அவசர ஊர்தியில் ஏற்றப்பட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்.

மூன்று அறுவைகள், இரண்டு மணி நேரம்

எல்லா அறுவைச் சிகிச்சைகளும் எல்லா ஊர்களிலும் நடைபெற வேண்டும் என்று அறிவுடையோர் எவரும் கூறமாட்டார். கல்லீரல் மாற்றுச் சிகிச்சையைச் சிறு ஊரில் செய்ய முயல்வது நோயாளிக்கே தீங்கு. அத்தகைய அரிய சிகிச்சையை ஆண்டுக்கு ஒருமுறை செய்யும் கையைவிட, வாரந்தோறும் செய்யும் கையே பாதுகாப்பானது. அப்படியானால் எவை அருகில் இருக்க வேண்டும்?

2015ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த உலகளாவிய அறுவைச் சிகிச்சை ஆணையம் இதற்கு ஒரு தெளிவான விடை தந்தது. உலகில் 500 கோடி மக்களுக்குப் பாதுகாப்பான அறுவைச் சிகிச்சை உரிய காலத்தில், தாங்கக்கூடிய செலவில் கிட்டவில்லை என்று அது கணக்கிட்டது. ஒரு வட்டார மருத்துவமனையின் திறத்தை அளக்க மூன்று அறுவைகளை அளவுகோலாக வைத்தது. மகப்பேற்றுக்கான வயிற்று அறுவை, வயிற்றைத் திறந்து செய்யும் அவசர அறுவை, எலும்பு உடைந்து தோலைக் கிழித்த காயத்திற்கான அறுவை என்பனவே அவை. இம்மூன்றும் இரண்டு மணி நேரப் பயணத்துக்குள் கிடைக்க வேண்டும் என்றது.

அந்த இரண்டு மணி நேரக் கணக்கில் பொருளுண்டு. பேற்றின்போது குருதி பெருக்கெடுத்தால், சிகிச்சையின்றி ஒரு தாய் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்குள் உயிரிழக்கக்கூடும். குடல்வால் வெடித்து நஞ்சு வயிற்றில் பரவினால் ஒவ்வொரு மணி நேரமும் நோயாளியின் நிலை சரியும். திறந்த எலும்பு முறிவைக் கழுவித் தூய்மை செய்யத் தாமதித்தால் சீழ் பிடித்துக் காலையே இழக்க நேரிடலாம். இவற்றுக்குத் தேவைப்படுவது அரிதான கைவண்ணமன்று; பயிற்சி பெற்ற கை உரிய நேரத்தில் அருகில் இருத்தலே. அறுவைச் சிகிச்சைப் பற்றாக்குறை பற்றிய விவாதத்தில் இந்தப் பாகுபாடு முதன்மையானது. தொலைவில் இருக்கத்தக்கது எது, அருகில் இருந்தே தீர வேண்டியது எது என்பதைப் பிரித்தறிந்தால்தான், உள்ள சில நிபுணர்களை எங்கே நிறுத்துவது என்னும் முடிவும் தெளிவாகும்.

நிபுணர்கள் ஏன் குறைகிறார்கள்

ஓர் அறுவை நிபுணர் உருவாக நெடுங்காலம் ஆகிறது. நம் நாட்டில் மருத்துவப் பட்டத்திற்கு ஐந்தாண்டுகள். பின் இரண்டாண்டுப் பயிற்சி மருத்துவப் பணி. அதன்பின் மருத்துவ அதிகாரியாகச் சில ஆண்டுகள். முதுகலைப் பயிற்சிக்கு இடம் கிடைத்தால் மேலும் நான்காண்டுகள். இன்று இடைநிலைப்பள்ளியில் ஐந்தாம் படிவம் பயிலும் மாணவர் ஒருவர் அறுவை நிபுணராகப் பணியேற்க, எல்லாம் தடையின்றி நடந்தாலும், பத்தாண்டுகளுக்கு மேல் ஆகும். ஆதலால் இன்றைய பற்றாக்குறை பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த, அல்லது எடுக்கத் தவறிய, முடிவுகளின் விளைவு.

அம்முடிவுகளுள் ஒன்று நம் நினைவில் இன்னும் பசுமையாக உள்ளது. 2016ஆம் ஆண்டு இறுதியிலிருந்து புதிய மருத்துவர்கள் ஒப்பந்த அடிப்படையில் நியமிக்கப்பட்டனர். ஒப்பந்த மருத்துவருக்கு மேற்பயிற்சிக்கான வழி குறுகியது. பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே, 2021ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள், ஒப்பந்த மருத்துவர்கள் கருப்புடை அணிந்து பல மருத்துவமனைகளில் பணியிடத்தை விட்டு வெளியே வந்து தம் குறையை நாட்டிற்கு உணர்த்தினர். சிலர் தனியார்துறைக்குச் சென்றனர்; சிலர் அண்டை நாடுகளுக்குச் சென்றனர். மறுபுறம், வெளிநாட்டு அறுவை மருத்துவக் கல்லூரிகளின் தகுதியை நம் நாட்டிலேயே பணியாற்றிக்கொண்டு பெறும் இணைவழிப் பயிற்சிக்குச் சட்டப்படி ஏற்பு உண்டா என்னும் சிக்கல் எழுந்தது. 2024ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் நாடாளுமன்றம் மருத்துவச் சட்டத்தைத் திருத்தி அந்த வழிக்கு ஏற்பளித்தது.

இனி, சிறு ஊரின் சிக்கல் வேறொரு தன்மையது. ஒரு மருத்துவமனையில் ஒரே ஓர் அறுவை நிபுணரை நியமித்தால், ஒவ்வோர் இரவும் அவரே அழைப்பில் இருக்க வேண்டும். விடுப்பு எடுக்க முடியாது. ஐயம் கேட்க மூத்தவர் அருகில் இல்லை. நோயாளிகள் குறைவாக வருவதால் கற்ற கைத்திறனும் மங்கும். மயக்க மருந்து நிபுணர் இல்லையெனில் அவர் கையில் கத்தி இருந்தும் பயனில்லை. ஓரிரு ஆண்டுகளில் அவர் இடமாற்றம் கேட்கிறார். அவரைக் குறை கூறுவது எளிது. ஆனால் தனி ஒருவரை நம்பி அமைக்கப்பட்ட ஏற்பாடு அவர் புறப்பட்ட நாளிலேயே நின்றுபோகும். காக்க வேண்டியது ஒரு குழுவை: அறுவை செய்பவர், மயக்க மருந்து கொடுப்பவர், அறுவை அரங்குத் தாதியர், கருவிகளைத் தூய்மை செய்வோர், குருதி வங்கி, அவசர ஊர்தி.

முயன்று பார்த்த வழிகள்

முதல் வழி, மருத்துவமனைகளை ஒரு கொத்தாக இணைப்பது. நம் சுகாதார அமைச்சு 2014ஆம் ஆண்டு முதல் கொத்து மருத்துவமனைத் திட்டத்தை நடைமுறைப்படுத்தி வருகிறது. ஒரு தலைமை மருத்துவமனையும் அருகிலுள்ள சிறு மருத்துவமனைகளும் ஒரே நிறுவனம்போல் இயங்குகின்றன. நிபுணர்கள் குறித்த நாள்களில் சிறு மருத்துவமனைக்குச் சென்று, பயன்படாதிருந்த அரங்கில் குடலிறக்கம், கட்டி போன்ற திட்டமிட்ட அறுவைகளைச் செய்கின்றனர். பெரிய மருத்துவமனையில் அறுவை முடிந்து தேறும் நோயாளி தன் ஊருக்கு அருகிலுள்ள படுக்கைக்கு மாற்றப்படுகிறார். நிபுணர் தனித்து விடப்படுவதில்லை. அரங்கும் பூட்டிக் கிடப்பதில்லை. ஆனால் நிபுணர் வரும் நாளில்தான் நோய் முற்றும் என்று விதியில்லை. அவசர அறுவைக்கு இவ்வழி மட்டும் போதாது.

இரண்டாவது வழி, பணியைப் பகிர்வது. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாடு 1975இல் விடுதலை பெற்றபோது அங்கிருந்த மருத்துவர்களுள் பெரும்பாலோர் வெளியேறினர். உள்நாட்டுப் போரும் சூழ்ந்தது. அந்நாடு 1984இல், பணி அனுபவமுள்ள மருத்துவ உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்து, மூன்றாண்டுகள் அறுவைப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2002ஆம் ஆண்டில் அந்நாட்டுக் கிராமப்புற மருத்துவமனைகளில் நடந்த பெரிய மகப்பேற்று அறுவைகளில் 92 விழுக்காட்டை இவர்களே செய்தனர். ஏழாண்டுகள் கழித்துப் பார்த்தபோது இவர்களில் 88 விழுக்காட்டினர் மாவட்ட மருத்துவமனைகளிலேயே இருந்தனர். அங்கு முதலில் அனுப்பப்பட்ட மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. இந்தியாவிலும் சிறு மருத்துவமனைகளில் மயக்க மருந்து நிபுணர் இல்லாக் குறையைத் தீர்க்க, பட்டம் பெற்ற மருத்துவர்களுக்கு 18 வாரப் பயிற்சி அளித்து, அவசர மகப்பேற்று அறுவைக்கு மயக்க மருந்து கொடுக்கச் செய்தனர்.

நமக்கும் இது முற்றிலும் புதிதன்று. தோட்டப்புற மருத்துவமனைகளில் நம் முன்னோர் 'டிரெசர்' என்று அழைத்த மருத்துவ உதவியாளர்களே காயத்தைத் தைத்தனர், எலும்பைக் கட்டினர், காய்ச்சலுக்கு மருந்து தந்தனர். அம்மரபின் வழியில் வந்த இன்றைய உதவி மருத்துவ அதிகாரிகள் மூன்றாண்டுப் பட்டயப் பயிற்சி பெற்று அவசரப் பிரிவிலும் மயக்க மருந்துப் பிரிவிலும் பணியாற்றுகின்றனர். அவர்கள் அறுவை நிபுணரின் இடத்தை நிரப்ப வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. பணிப்பகிர்வு என்பது ஏழைகளுக்குத் தரம் குறைந்த சிகிச்சையைத் தள்ளிவிடும் சூழ்ச்சியாக மாறக்கூடாது. எதைச் செய்யலாம் என்னும் வரம்பு, மேற்பார்வை, அழைத்தால் உடனே பேசும் நிபுணர் ஆகிய மூன்றும் இருந்தால்தான் அது அறம்.

மூன்றாவது வழி, ஊரில் பணியாற்றுபவருக்கே மேற்பயிற்சியில் முன்னுரிமை தருவது. தமிழ்நாடு அரசு நெடுங்காலமாக அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுகலை இடங்களில் ஒரு பகுதியை ஒதுக்கி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பணியாற்றினால் நிபுணராகும் வாய்ப்பு உண்டு என்னும் நம்பிக்கையே இளம் மருத்துவர்களைச் சிற்றூர்களுக்கு ஈர்த்தது. அந்த ஒதுக்கீடு நீதிமன்ற வழக்குக்கு உள்ளானபோது, இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள், அவ்வாறு ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டென்று தீர்ப்பளித்தது. சிற்றூர்ப் பணியைத் தண்டனையாக்காமல் படிக்கட்டாக்கிய ஏற்பாடு அது.

மானிப்பாய் தரும் பாடம்

இம்மூன்று வழிகளின் கருவையும் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ் மண்ணில் ஒருவர் கண்டார். சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1847இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவமனையை நிறுவினார். பரந்த ஒரு நிலப்பகுதிக்கு மேலை மருத்துவம் கற்றவர் அவர் ஒருவரே என்னும் நிலை. தாமே எல்லா நோயாளியையும் பார்ப்பது இயலாதென உணர்ந்து உள்ளூர் மாணவர்களுக்குக் கற்பிக்கத் தொடங்கினார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். ஆங்கில வழி கற்றவர்கள் அரசுப் பணியையும் நகரத்தையும் நாடிச் சென்றனர். ஆகவே 1860களில் தமிழிலேயே மருத்துவம் கற்பிக்கத் துணிந்தார். அதற்குப் பாடநூல் வேண்டுமே! உடற்கூற்றியல், மகப்பேறு, வேதியியல் நூல்களோடு அறுவைச் சிகிச்சை நூலையும் தமிழாக்கினார். 'இரண வைத்தியம்' என்னும் அந்நூல் 1867இல் வெளிவந்தது. அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவர்கள் அவரிடம் பயின்றனர்.

கிறீன் கண்ட உண்மையும் மொசாம்பிக் கண்ட உண்மையும் ஒன்றே. ஊரோடு வேர் கொண்டவர், ஊரின் மொழியில் தொழில் செய்பவர், ஊரில் தங்குகிறார். இன்று நாம் அறுவை மருத்துவத்தைத் தமிழில் கற்பிக்கப் போவதில்லை. ஆயினும் யாரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கிறோம், அவரை எந்த மண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறோம் என்னும் வினாக்கள் இன்றும் அப்படியே நிற்கின்றன.

அரங்கின் வாயிலில் மொழி

இனி நம் மன்றத்திற்கு உரிய பகுதிக்கு வருவோம். நிபுணர்கள் குறைவாக உள்ளபோது அறுவை அரங்கின் ஒவ்வொரு மணி நேரமும் அரிய பொருள். அந்த நேரம் வீணாவதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று சொல் புரியாமை.

அறுவைக்கு முன் ஆறு மணி நேரம் திட உணவு உண்ணக்கூடாது. தெளிந்த நீர்கூட இரண்டு மணி நேரத்துக்கு முன்பே நிறுத்தப்பட வேண்டும். வயிற்றில் உணவிருந்தால் மயக்க நிலையில் அது மேலெழுந்து நுரையீரலுக்குள் செல்லும் ஆபத்து உண்டு. 'உண்ணாதீர்கள்' என்பதைச் 'சோறு சாப்பிடாதீர்கள்' என்று மட்டும் புரிந்துகொண்ட முதியவர் ஒருவர் காலையில் பால் கலந்த தேநீர் அருந்திவிட்டு வருகிறார் என்று கொள்வோம். அன்றைய அறுவை தள்ளிப்போகும். அவருக்காக ஒதுக்கிய நேரத்தில் வேறொருவரை உடனே ஆயத்தப்படுத்துவதும் எளிதன்று. குருதி உறையாமல் தடுக்கும் மாத்திரையை எப்போது நிறுத்துவது, நீரிழிவு மருந்தை எப்படி எடுப்பது என்பனவும் இவ்வாறே. தெளிவாகச் சொல்லிய ஒரு வாக்கியம் அரங்கின் அரை நாளைக் காக்கும்.

ஒப்புதல் படிவத்தையும் எண்ணிப் பாருங்கள். பேரப்பிள்ளை மொழிபெயர்க்கப் பாட்டி கையெழுத்திடுவது நம் குடும்பங்களுக்குப் புதிதன்று. பன்னிரண்டு வயதுப் பிள்ளை 'புற்றுநோய்' என்னும் சொல்லைப் பாட்டியிடம் எவ்வாறு சொல்லும்? 'கட்டி' என்று மட்டும் சொல்லிவிடும். பாட்டி எதற்கு இசைந்தார் என்பது அவருக்கே தெரியாது. 'மயக்கம்' என்பதும் இருபொருள்படும் சொல்: தலைசுற்றி விழுவதையும் குறிக்கும், மருந்தால் உணர்வு நீக்குவதையும் குறிக்கும். 'மயக்கம் வருமா?' என்று மருத்துவர் கேட்பதும் 'மயக்கம் கொடுப்போம்' என்று அவரே சொல்வதும் வெவ்வேறென நோயாளிக்கு விளங்க வேண்டும்.

பேச்சின் வலிமையை மருத்துவ உலகமும் அளந்து பார்த்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த 19 குறிப்புகள் கொண்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தனர். 2009இல் வெளிவந்த முடிவின்படி, உயிரிழப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. அப்பட்டியலில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. நோயாளி யார், எந்தப் பக்கம் அறுவை, ஒவ்வாமை உண்டா என்று உரக்கக் கேட்பதும், குழுவினர் தம் பெயரையும் பணியையும் சொல்லி அறிமுகமாவதும் அதில் அடங்கும்.

நாம் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களே, 'என்னவாக விரும்புகிறாய்?' என்று கேட்டால் 'டாக்டர்' என்று விடையளிக்கும் மாணவர்கள் நம் தமிழ்ப்பள்ளிகளில் ஏராளம். மதிப்பெண் குறைந்தவுடன் அக்கனவு முறிகிறது. பிள்ளையும் தான் தோற்றதாக எண்ணுகிறது. அறுவை அரங்குத் தாதியர், உதவி மருத்துவ அதிகாரி, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர், ஊடுகதிர்ப்படக் கலைஞர் ஆகியோரின்றி எந்த நிபுணரும் கத்தியைத் தொட முடியாது என்பதை வகுப்பறையில் சொல்லுங்கள். அவை மருத்துவரின் நிழல்கள் என்று சொல்லாமல் தனித்த தொழில்கள் என்றே சொல்லுங்கள்.

மாணவர்களே, அறுவை தொடர்பான ஐம்பது சொற்களுக்குத் தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழி விளக்கம் தொகுப்பது உங்கள் மொழிக் கழகத்தால் ஓராண்டில் முடிக்கக்கூடிய பணி. உண்ணாநோன்பு அறிவுரை, ஒப்புதல், குருதி, ஒவ்வாமை, தையல், சீழ் என்று தொடங்குங்கள். மருத்துவர் அல்லது தாதியர் ஒருவரிடம் சரிபார்த்த பின்னரே அச்சிடுங்கள். வயது வந்தவர்கள் குருதிக் கொடை அளியுங்கள். குருதி இருப்பில் இல்லாத மருத்துவமனையில் நிபுணர் இருந்தும் அவசர அறுவை தொடங்காது.

குடிமக்கள் என்ற முறையில் நாம் கேட்க வேண்டியதும் உண்டு. 'எங்கள் ஊருக்கும் பெரிய மருத்துவமனை வேண்டும்' என்று கேட்பதே நம் வழக்கம். அதைவிடக் கூர்மையான கேள்வி ஒன்றை நம் மக்கள் பேராளர்களிடம் வைப்போம்: இந்த மாவட்டத்தில் நள்ளிரவில் ஒரு தாய்க்கு வயிற்று அறுவை தேவைப்பட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் அது எங்கே, யாரால் நடக்கும்? வெடித்த குடல்வாலுக்கும் உடைந்து திறந்த காலுக்கும் விடை என்ன? இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான விடை உள்ள மாவட்டம், நிபுணர் குறைந்த காலத்திலும் ஓரளவு பாதுகாப்பானது. விடை இல்லாத மாவட்டத்திற்குப் புதிய கட்டடம் எழுப்பித் தந்தாலும் அதன் அரங்கு பூட்டியே கிடக்கும்.

செலாயாங் போன்ற நிலையங்கள் அரிய சிகிச்சைகளில் மேலும் சிறக்கட்டும். அவற்றின் சிறப்பு வடக்கே உள்ள சிறு ஊர்களின் அரங்குகளையும் வாழவைப்பதாக அமையட்டும்.